பெற்றோர் விருப்பத்தின் பேரில்

போன மாதம் என் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். நான் முன்பு வேலை பார்த்த பள்ளியில் இப்போது இளநிலை உதவியாளராக இருக்கும் பெண் ஒருத்தி, அவளோடு ஓர் ஆசிரியர். பள்ளியின் சிறப்புப் பிரிவுக்கு விழா எடுக்கிறார்களாம், மலர் போடுகிறார்களாம்.

"மேடம், உங்க காலத்துலதான் வருஷா வருஷம் நூத்துக்கு நூறு ரிசல்ட் வந்துகினு இருந்துதாம். நாமினல் ரோல் எல்லாம் நீங்கதான் பாத்தீங்கன்னு சொன்னாங்க. அதைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்றாள் அந்தப் பெண்.

எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டு பக்கத்தில் முடியவில்லை. பாராட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த நூற்றுக்கு நூறு எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். அதைச் செய்து கொடுத்த கைகளில் ஒன்று என்னுடையது. மலரில் போடுவார்களா மாட்டார்களா என்பது அவர்கள் பாடு.

நான் வேலைக்குச் சேர்ந்தது தட்டச்சராக. என் அப்பா பள்ளிக் கல்வித் துறையில் ஊழியராக இருந்து பணியிலேயே இறந்துபோனதால் கருணை அடிப்படையில் கிடைத்த வேலை. கோப்பு எப்படித் திறப்பது, தபாலுக்கு எப்படி எண் போடுவது, சேர்க்கைப் பதிவேட்டில் எந்த மையால் எழுதுவது, எதை அடிக்கக் கூடாது, எதை அடித்தால் சுருக்கொப்பம் போட வேண்டும் என்பதெல்லாம் இரண்டு மூன்று அலுவலகங்களில் திட்டு வாங்கி வாங்கிக் கற்றுக்கொண்டது. ஆரணிக்கு மாற்றலாகி வந்தபோது தொண்ணூறுகள் பாதியை நெருங்கிக்கொண்டிருந்தன.

பள்ளி பெரியது. காலைப் பிரார்த்தனைக்கு மணி அடித்தால் மைதானம் அடங்கவே பத்து நிமிடம் ஆகும். மேல்நிலையில் மட்டும் எத்தனையோ பிரிவுகள். கணிதம் உயிரியல், தூய அறிவியல், வரலாறு வணிகம், பிறகு தொழிற்பிரிவில் நெசவு, தட்டச்சு, செவிலியர் பயிற்சி. இவற்றுக்கெல்லாம் மேலே முதல் மாடியில் தனியாக இரண்டு அறைகள். அதுதான் சிறப்புப் பிரிவு. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்த பிள்ளைகளைச் சுற்றுவட்டாரம் முழுவதிலிருந்தும் பொறுக்கி எடுத்துச் சேர்ப்பார்கள். சேத்துப்பட்டிலிருந்தும் வரும், திருமலைப் பக்கத்திலிருந்தும் வரும். ஆய்வகத்தில் உடையாத பியூரெட் எல்லாம் அந்தப் பிரிவுக்கு. மின்விசிறி சுற்றும் அறைகள் அந்த இரண்டுதான். சேர்க்கை நாளன்று பட்டியல் ஒட்டினால், பெற்றோர் விரலால் தொட்டுத் தொட்டுப் பெயர் தேடுவார்கள். பெயரைக் கண்டுபிடித்தவர்கள் என்னிடம் வந்து கும்பிடுவார்கள். பட்டியலைத் தட்டச்சு செய்ததைத் தவிர நான் எதுவும் செய்ததில்லை, இருந்தாலும் கும்பிடுவார்கள்.

தலைமையாசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். எல்லாரும் அவரைப் பெரிய சார் என்போம். நான் பார்த்த அதிகாரிகளில் அவரைப் போல மரியாதையான மனிதர் வேறு யாரும் இல்லை. குரல் உயர்த்தமாட்டார். கடைநிலை ஊழியரைக்கூட வாங்க போங்க என்பார். தறியிலிருந்து எழுந்து வந்த அப்பாக்கள் அவர் அறை வாசலில் செருப்பைக் கழற்றினால், "போட்டுக்கினே வாங்க" என்பார். நாற்காலி காட்டி, தண்ணீர் கொடுத்த பிறகுதான் பேச்சை ஆரம்பிப்பார். அதிர்ந்து பேசும் ஓர் ஆளிடம் வேலை பார்த்திருந்தால் நான் சீக்கிரம் விழித்துக்கொண்டிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. இவர் கேட்டு எதையும் மறுக்கத் தோன்றாது.

அவர் எதையும் எழுத்தில் உத்தரவிட்டதில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும், ரப்பர் வைத்த பென்சில். அரையாண்டுத் தேர்வு மார்க் வந்ததும் சிறப்புப் பிரிவின் பட்டியலை வாங்கிக்கொண்டு போவார். மறுநாள் திரும்பி வரும்போது சில பெயர்களுக்குப் பக்கத்தில் சின்னதாகப் பென்சில் புள்ளி இருக்கும். "பாத்துச் செய்ங்கம்மா" என்பார். அவ்வளவுதான்.

புள்ளி வைத்த பிள்ளை பொதுத்தேர்வு எழுதக் கூடாது. எழுதினால் தவறிவிடும், தவறினால் நூறு போய்விடும்.

முறை இப்படி இருக்கும். அப்பாவை வரச்சொல்லிக் கடிதம் போகும். வகுப்பு நடக்கும் நேரமாகப் பார்த்து வரச்சொல்வோம், பிள்ளை மாடியில் பாடத்தில் இருக்க வேண்டும். பெரிய சார் உட்கார வைத்துப் பேசுவார். பிள்ளை ரொம்பத் திணறுகிறான், இப்படியே எழுதினால் மார்க் பட்டியலில் கறை விழும், இப்போதே சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனால் தனியாகப் படித்து நிதானமாக எழுதலாம் என்பார். அந்தப் பேச்சில் ஒரு விஷயம் மட்டும் இருக்காது. தனித்தேர்வராக நேரடியாக எழுதினால் செய்முறைத் தேர்வு உள்ள பாடங்கள் எடுக்க முடியாது. இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் அன்றோடு சரி. டாக்டர் ஆகலாம், இன்ஜினியர் ஆகலாம் என்று ஊரே சொல்லி அனுப்பிய பிள்ளை வரலாறும் பொருளியலும் படித்து எழுத வேண்டும். அது எனக்குத் தெரியும், பெரிய சாருக்குத் தெரியும், எதிரே உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்குத் தெரியாது.

கடைசியாக ஒன்று சொல்வார். "மார்க் இல்லன்னு அனுப்பிட்டாங்கன்னு தெரிஞ்சா பையன் மனசு ஒடிஞ்சிடும். வயசுப் பிள்ளை. நீங்களா முடிவு பண்ணி நிறுத்தினதா சொல்லிக்கிங்க. அதுதான் அவனுக்கு நல்லது."

அப்பாக்கள் தலையாட்டுவார்கள். பிள்ளைக்கு நல்லது என்று சொன்னால் ஆட்டாமல் என்ன செய்வார்கள்.

பிறகு என் மேசைக்கு வருவார்கள். பாதிப் பேருக்கு மனு எழுதத் தெரியாது, தெரிந்தவர்களும் என்ன எழுதுவது என்று என்னையே கேட்பார்கள். ஆகையால் நானே எழுதுவேன். "எனது குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகனுக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்கும்படிக் கேட்டுக்கொள்கிறேன்." மூன்று வரி, கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். கீழே கையெழுத்து வாங்குவேன். சான்றிதழில் பள்ளியை விட்டு நீங்கிய காரணம் என்ற இடத்தில் 'பெற்றோர் விருப்பத்தின் பேரில்' என்று நிரப்புவேன். பெரிய சார் கையெழுத்துப் போட, நான் வட்ட முத்திரை குத்துவேன். பிறகு நாமினல் ரோலில், அதாவது பொதுத்தேர்வு எழுதுபவர்களின் பெயர்ப் பட்டியலில், அந்தப் பெயரை விட்டுவிட்டு மற்றவற்றைத் தட்டச்சு செய்வேன். கடைசி வேலை, பழைய பட்டியலில் இருக்கும் புள்ளிகளை ரப்பரால் அழிப்பது.

ஆண்டு முடிவில் இடைநின்ற பிள்ளைகளைப் பற்றி ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். காரணம் என்ற இடத்தில் 'குடும்பத் தொழில்' என்று நிரப்புவேன். ஆரணியில் இதை யாரும் சந்தேகப்படமாட்டார்கள். நெசவாளி வீட்டுப் பிள்ளை பள்ளியை விட்டு நின்றால், தறிக்கு ஆள் தேவைப்பட்டு நிறுத்திவிட்டான் என்று ஆசிரியர் அறையில் பேசுவார்கள், டீக்கடையில் பேசுவார்கள். மேலே இருந்து வரும் அதிகாரிகள் பெற்றோரின் அறியாமையைப் பற்றி மைக் பிடித்துப் பேசிவிட்டுப் போவார்கள். நான் மேடைக்குப் பின்னால் சால்வையை மடித்துக்கொண்டு நிற்பேன். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

பெரிய சாரும் சும்மா இதைச் செய்யவில்லை. தேர்ச்சி குறைந்த பள்ளித் தலைமையாசிரியர்களை ஆய்வுக் கூட்டத்தில் எழுப்பி நிற்கவைப்பார்கள். ஒரு முறை அவரை நிற்கவைத்திருக்கிறார்கள், தலை நரைத்த மனிதரை, இருநூறு பேர் முன்னால். அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அப்போது பாவமாக இருந்தது. இப்போது இல்லை. அவர் நின்ற அரை மணி நேரத்துக்காக எத்தனை பிள்ளைகள் வெளியே நின்றார்கள்.

ரேணுகாவின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு வருடம் புள்ளி விழுந்தது.

படவேட்டுப் பெண். அப்பா வேலு, கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்பவர். அங்கிருந்து காலையில் ஒரு பஸ், அதை விட்டால் அடுத்தது பள்ளியில் முதல் பாடவேளை முடிந்த பிறகுதான் ஆரணி வந்து சேரும். சிறப்புப் பிரிவில் முதல் பாடவேளையில் தினமும் சிறுதேர்வு வைப்பார்கள், பெரும்பாலும் இயற்பியல். பஸ் வராத நாளெல்லாம் அவளுக்குப் பூஜ்யம். அரையாண்டில் மற்ற எல்லாவற்றிலும் தேறி, இயற்பியலில் மட்டும் தவறியிருந்தாள்.

வழக்கம்போலக் கடிதம் போட்டு அப்பாவை வரச்சொன்னோம். வழக்கமாக நடக்காத ஒன்று அன்று நடந்தது. காலை பஸ் வரவில்லை. அப்பாவும் மகளும் அடுத்த பஸ்ஸில் ஒன்றாக வந்து இறங்கினார்கள். பிள்ளை மாடியில் இருக்கும் என்பதை நம்பித்தான் எங்கள் ஏற்பாடு முழுவதும் இருந்தது. பெரிய சார் அவளை மாடிக்குப் போகச் சொன்னார். தாமதமாக வந்தவர்களை அடுத்த மணி அடிக்காமல் உள்ளே விடமாட்டார்கள் என்று அவள் அவருடைய விதியை அவருக்கே சொல்லிவிட்டு, வராந்தாவில் நின்றுகொண்டாள்.

பத்து நிமிடத்தில் வேலு வெளியே வந்து என் மேசை முன் நின்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. "கிளார்க்கம்மா, இன்னாவோ எழுதணுமாமே. எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போட்டுட்றேன்" என்றார்.

எழுதினேன். காகிதத்தை அவர் பக்கம் திருப்பி, எங்கே கையெழுத்து என்று விரலால் காட்டினேன். அவர் தோளுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் குனிந்து படித்துவிட்டாள்.

"எப்பா, நீ என்னை நிறுத்தச் சொல்லிக் கேட்டியா?"

அவர் அறைக் கதவுப் பக்கம் பார்த்தார். பெரிய சாருக்குக் கொடுத்த வார்த்தை. பிறகு, "ஆமா, வூட்ல கஷ்டமா கீது" என்றார்.

"இன்னா கஷ்டம்? காத்தால கூட டாக்டருக்குப் படின்னு சொல்லிகினுதானே வந்த."

அவர் தரையைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள்.

"மேடம், எங்கப்பா கேட்டுக்கினதா எழுதியிருக்கீங்க. அவர் கேட்டதை நீங்க கேட்டீங்களா?"

"எல்லாருக்கும் இப்படித்தாம்மா எழுதறது" என்றேன். இப்படி ஒரு பதிலை நான் என் வாயால் சொன்னேன்.

"எல்லாருக்குமா?" என்றாள்.

அதற்கு மேல் அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து ஒரு தாளைக் கிழித்தாள். என் மேசையின் ஓரத்தில் வைத்து நின்றபடியே அப்பா பெயரில் எழுதினாள். என் மகள் ரேணுகா அரையாண்டுத் தேர்வில் இயற்பியலில் தவறியதால் அவளைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு போகும்படித் தலைமையாசிரியர் கூறினார். எனக்கு அதில் விருப்பம் இல்லை. அவள் பொதுத்தேர்வு எழுத அனுமதிக்க வேண்டுகிறேன். எழுதி முடித்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

"பெயிலாயிட்டா பேர் கெட்டுப்பூடும்னு சாரு சொல்றாரும்மா" என்றார் வேலு.

"பெயிலானா ஆயிட்டுப் போறேன்பா. எழுதிட்டு ஆறேன்."

அவர் நிறைய நேரம் எடுத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி, கையெழுத்துப் போட்டார்.

அந்தத் தாள் என் மேசைமேல் கிடந்தது. இந்த இடத்தில் அலுவலக வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு தாள் வெறும் தாளாக இருக்கும்வரை அதைக் கிழிக்கலாம், எரிக்கலாம், வந்ததே இல்லை என்று சொல்லலாம். தேதி முத்திரை குத்தி, தபால் பதிவேட்டில் வரிசை எண் போட்டுவிட்டால் அது கோப்பு. அதற்குப் பதில் எழுதித்தான் முடிக்க வேண்டும். தணிக்கைக்கு வருபவன் அந்த எண் என்னவாயிற்று என்று கேட்பான். பெரிய சாரின் பென்சில் முழுவதும் இதைத் தவிர்ப்பதற்காகத்தான். பெற்றோர் தாமாக எழுதிய ஒரு மறுப்புக்கூட அந்த அலுவலகத்தில் எண் பெற்றதில்லை, ஏனென்றால் யாரும் மறுத்ததில்லை.

முத்திரை என் வலது கைப்பக்கம் இருந்தது. எல்லா நாளும் அங்கேதான் இருந்தது. எடுத்துக் குத்தினேன். பதிவேட்டில் எண் போட்டு, பொருள் என்ற இடத்தில் 'பொதுத்தேர்வு எழுத அனுமதி கோருதல்' என்று மையால் எழுதினேன். அன்று வந்த மற்ற தபால்கள் மூன்றை எடுத்து அதற்குக் கீழே வரிசையாகப் பதிந்தேன், நடுவில் இருப்பதை யாரும் உருவ முடியாதபடி.  வீரம் ஒன்றும் இல்லை. அந்தப் பெண் 'எல்லாருக்குமா' என்று கேட்டது தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மாலையில் பெரிய சார் பதிவேட்டைப் பார்த்தார். "இதை ஏம்மா பதிஞ்சீங்க?" என்றார், அதே குரலில்.

"தபால் வந்துது சார்."

அதற்குக் கீழே பதிந்திருந்த மூன்று வரிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு பட்டியலை வாங்கி, ரேணுகாவுக்குப் பக்கத்தில் இருந்த புள்ளியைத் தன் கையாலேயே அழித்தார். தூளை ஊதினார். "சரிம்மா" என்றார். அவள் பெயரோடு நாமினல் ரோல் போனது.

இதைப் படிப்பவர்கள் என்னை நல்லவள் என்று நினைத்துவிடக் கூடாது. எனக்கு அன்று மகிழ்ச்சி வரவில்லை, கோபம்தான் வந்தது. இவ்வளவு சுலபமா என்று கோபம். ஒரு முத்திரை, ஒரு எண், இரண்டு நிமிடம். அதற்கு முன் நான் எழுதிக் கையெழுத்து வாங்கிய அப்பாக்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. அவர்களில் ஒருவருக்காவது, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள், நான் எண் போட்டுத் தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது, அதைக்கூட நான் எடுக்கவில்லை.

பஸ்ஸில் போகும் பிள்ளைகள் வாயைக் கட்ட முடியுமா. இரண்டு வாரத்தில் விஷயம் ஊரில் பரவிவிட்டது. ஒரு நாள் மதியம், பெரிய சார் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தபோது, முனிரத்தினம் என்கிற நெசவாளி என் மேசைக்கு வந்தார். அறுபது வயது இருக்கும். விரல் நுனிகளில் சாயக் கறை. முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்கு என்னைத் தெரிந்தது.

"மூணு வருஷம் முன்ன என் பையன் சுதாகருக்கு நீங்கதாம்மா லெட்டர் எழுதினீங்க. நான் கையெழுத்துப் போட்டேன்."

"உட்காருங்க" என்றேன்.

உட்காரவில்லை. "படவேட்டுப் பொண்ணு விசயம் கேள்விப்பட்டேன். பெரிய சாரு சொன்னாப்பலயே நானும் என் பையன்கிட்ட சொல்லிட்டேன், நான்தான் நிறுத்திட்டேன்னு. மார்க்கு இல்லன்னு அனுப்பினாங்கன்னா அவன் மனசு தாங்காதுன்னு. அவன் டிசியைப் படிச்சுப் பாத்தான். அன்னிலேர்ந்து என்கிட்ட பேசறதில்ல. தறிக்கு ஆள் வேணும்னு என் படிப்பைக் கெடுத்துட்டான் எங்கப்பன்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீறான். ஒரே வூடு. அவன் ஒரு தறியில ஒக்காந்துகினு கீறான், நான் ஒரு தறியில ஒக்காந்துகினு கீறேன். இன்னா வேணும்னாலும் அவங்கம்மாகிட்டதான் சொல்வான்."

மேசைமேல் திறந்திருந்த பதிவேட்டை மூடிவைத்தேன்.

"இப்ப நான் கேக்கலன்னு சொன்னா நம்பமாட்றான். நீயே சொன்னியே, டிசிலயும் போட்டிருக்கேங்கறான். நான் கேக்கலன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்கம்மா. வேற ஒண்ணும் வேணாம்."

வெள்ளைத் தாள் எடுத்து எழுதினேன். மாணவன் சுதாகருக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்டு அவனுடைய தந்தை விண்ணப்பிக்கவில்லை. அந்த விண்ணப்பத்தை எழுதியது நான். பள்ளி அனுப்பிவிடத் தீர்மானித்த பிறகு எழுதப்பட்டது அது. என் பெயர், பதவி, தேதி, கையெழுத்து. அவரிடம் கொடுத்தேன்.

தூரத்தில் வைத்து, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "சீல் இல்லியேம்மா" என்றார். "டிசில சீல் இருந்துச்சு. அதைத்தான் அவன் நம்பினான்."

பள்ளியின் வட்ட முத்திரை என் பொறுப்பில்தான் இருந்தது. ஆனால் தலைமையாசிரியர் கையெழுத்தின் பக்கத்தில் தவிர வேறு எங்கும் அதை வைக்கக் கூடாது. வைத்தால் என்ன ஆகும் என்பதைப் பணியாளர் நடத்தை விதிகளைத் தட்டச்சு செய்து தட்டச்சு செய்து நான் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருந்தேன். இழுப்பறையைத் திறந்து எடுத்து, என் கையெழுத்தின்மேல் வைத்தேன். ஊதா வட்டம் நன்றாகவே விழுந்தது. அவர் மை காயும்வரை தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மகன் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய வகுப்பாசிரியரிடம் காட்டி, இது உண்மையா என்று கேட்டிருக்கிறான். வகுப்பாசிரியர் வழியாக அது பெரிய சார் மேசைக்கு வந்தது. முதல் முறையாக அவர் என்னிடம் எழுத்தில் ஒன்றைக் கொடுத்தார். அலுவலக முத்திரையைத் தவறாகப் பயன்படுத்தியது குறித்து விளக்கம் கேட்கும் குறிப்பாணை. நான் மறுக்கவில்லை. நடந்ததை முதலிலிருந்து எழுதினேன், பென்சிலையும் சேர்த்து. பென்சிலைப் பற்றி மேலிடத்திலிருந்து யாரும் எதுவும் கேட்கவில்லை. முத்திரையைப் பற்றி மட்டும் கேட்டார்கள். பதவி உயர்வு தள்ளிப்போனது. சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றல் வந்தது.

அதற்கு முன் மே மாதம் தேர்வு முடிவு வந்தது. ரேணுகா இயற்பியலில் தவறிவிட்டாள். சில மார்க்கில். சிறப்புப் பிரிவின் நூறு உடைந்தது. பெரிய சார் என்னை அறைக்குக் கூப்பிட்டு முடிவுத் தாளைக் காட்டினார்.

"பாத்தீங்களாம்மா. நான் சொன்னேன் இல்ல."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இத்தனை ஆண்டுகளாக யோசித்திருக்கிறேன். அன்று சொல்ல வரவில்லை, இன்று சொல்கிறேன். பார்த்தேன் சார். அவள் பரீட்சை எழுதித் தவறினாள். செய்முறை மார்க் அவள் பெயரில் இருந்தது, பாடங்கள் அவள் கையில் இருந்தன. செப்டம்பரில் இயற்பியல் ஒன்றை மட்டும் மறுபடி எழுதித் தேறினாள். டாக்டர் ஆகவில்லை, நர்சிங் படித்து அரசு மருத்துவமனையில் வேலையில் இருக்கிறாள். நீங்களும் நானும் அனுப்பிய பிள்ளைகளுக்குத் தவறக்கூட இடம் தரவில்லை. தவறிய பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாத பள்ளிக்கு அத்தனை பெரிய கட்டடம் எதற்கு? தேறும் பிள்ளை எங்கே படித்தாலும் தேறும்.

ஜூன் மாதம், பள்ளி திறந்த வாரம், நான் பொறுப்புகளை ஒப்படைத்துக்கொண்டிருந்தேன். சாவி, பதிவேடுகள், முத்திரைகள் என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டுப் புதிதாக வந்தவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வெளியே சேர்க்கைப் பட்டியல் ஒட்டியிருந்தது. பெற்றோர் கூட்டம் வழக்கம்போல முண்டிக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தைத் தாண்டி ஓர் இளைஞன் என் ஜன்னலுக்கு வந்தான். இருபது, இருபத்தொன்று வயது இருக்கும். கையில் நான் எழுதிக் கொடுத்த தாளின் நகல்.

"நான் முனிரத்தினம் பையன், சுதாகர்" என்றான்.

அப்பாவிடம் பேசிவிட்டாயா என்று கேட்டேன். வேறு எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

"பேசறேன்" என்றான். "ஆனா இன்னா பேசறதுன்னு தெரில. சாப்டியான்னு கேக்கறேன், சாப்டேங்கறாரு. அதோட நின்னுடுது. மூணு வருஷமா அவரைத் திட்டிகினே இருந்துட்டேன். அவர் ஒரு தபா கூட நான் இல்லடான்னு சொல்லல. எனக்காவ சும்மா இருந்துகினு இருந்திருக்காரு."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை.

"மேடம், டிசி தொலைஞ்சா மனு குடுத்தா வேற தராங்க. மார்க் ஷீட் தொலைஞ்சாலும் தராங்க. எங்கப்பாகூட பேசாத மூணு வருஷத்துக்கு எந்த ஆபீஸ்ல மனு குடுக்கறது?"

கிண்டலாகக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டான். பதிலுக்காக ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் ஓர் அப்பா பட்டியலில் தன் மகன் பெயரைக் கண்டுபிடித்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் இரண்டு பேரில் யாரையும் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.